காட்டுக்கு மருந்து

பெரட்டுக்கு நின்ற வரிசையிலிருந்து பிச்சைமுத்துவை மட்டும் வெளியே இழுத்தார்கள்.

மலாயாவில், டுரியான் துங்காலிலிருந்து இரண்டு மைல் உள்ளே டன்மோர் ரப்பர் தோட்டம். விடிந்தும் விடியாமலும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டு நேரம். முள்கம்பி வேலிக்கு வெளியே மூன்று போலீஸ் லாரிகள் வந்து நின்றன. இரண்டு நாளைக்கு முன்பு யாரோ தோட்டத்து ஆஸ்பத்திரியில் அலமாரியை உடைத்து ஊசி மருந்தும் மாத்திரைகளும் எடுத்துப் போயிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் போயிருக்கும் என்று போலீசுக்குச் சந்தேகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு அது. அந்த வருஷத்தில் சந்தேகம் ஒன்றே போதும்.

ஒவ்வொருவராகக் கையைத் தூக்கச் சொல்லித் தடவிக்கொண்டே வந்தார்கள். பிச்சைமுத்துவின் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது.

"கெர்தாஸ் அப்பா இனி?" என்றான் மலாய்க் கான்ஸ்டபிள். என்ன காகிதம் இது?

"கெர்ஜா புன்யா, துவான். வேலக் காயிதம்லா." பிச்சைமுத்து சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கான்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியாது. காகிதம் கைமாறிக் கைமாறி லாரியில் இருந்த அதிகாரியிடம் போனது. பின்னாலேயே பிச்சைமுத்துவும் போனான். லாரியில் ஏறும்போதுகூட மனைவி மீனம்மாவைப் பார்த்து, "டீத்தண்ணிய ஊத்தி வையி, வந்துர்றேன்" என்று கத்தினான்.

அந்தக் காகிதத்தை எழுதியவன் அப்போது மலாக்காவிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அன்றைய வேலையை மனசுக்குள் கட்டம் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தான்.

*

சற்குணத்துக்கு இருபத்திரண்டு வயது. கோலாலம்பூரில் தொழில்நுட்பப் படிப்பு, மூன்றாம் ஆண்டு. எந்தப் பொருள் எவ்வளவு பாரம் தாங்கும், எது வெயிலில் வெடிக்கும், எதை எதோடு கலந்தால் உறுதிப்படும் என்பதுதான் பாடம். நீண்ட விடுமுறையில் ஒவ்வொரு மாணவனும் வெளியே ஒரு வேலையை ஏற்று, நாலு ஆளை வைத்து நடத்தி முடித்து, அறிக்கை கொடுக்க வேண்டும். பொருளறிவுக்குப் பாதி மார்க். ஆளை நடத்தும் திறமைக்குப் பாதி.

சற்குணம் எடுத்துக்கொண்டது ஒரு தரை. டன்மோர் தோட்டத்தில், தாய்மார் பால் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகையில், சிமெண்டுத் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் எறும்பு. எறும்புக்கு மேல் குழந்தை. சிமெண்டில் ரப்பர் பாலைக் கலந்தால் தரை வெடிக்காது என்று புத்தகத்தில் இருந்தது. துரையிடம் அனுமதி வாங்கினான். மூன்று ஆட்களும் கொடுத்தார்கள். பால் வெட்டும் பிச்சைமுத்து, மணல் சுமக்க மீனம்மா, பால் வந்து சேரும் ஸ்டோரில் கலவை போடும் முனியாண்டி.

முதல் வாரம் மானம் போனது. சிமெண்டில் பாலை ஊற்றியதும் தயிராகத் திரண்டது.

"தம்பி, இது தரையா, ரவா உப்புமாவா?" என்றான் முனியாண்டி.

உறையாமல் இருக்க அமோனியா ஊற்ற வேண்டும். ஊற்றினான். அப்போதும் திரண்டது. கடைசியில் பிச்சைமுத்துதான் சொன்னான்: "ஸ்டோருக்கு வந்தப்புறம் ஊத்துனா என்னா பிரயோசனம்? பால் மரத்துலேருந்து எறங்கறப்பவே ஒறைய ஆரம்பிச்சிரும்லா. மரத்தடியிலயே ஊத்தணும். நான் கொண்டு போறேன், குடுங்க."

சற்குணம் உற்சாகமாகிவிட்டான். கல்லூரியில் கற்றுக்கொடுத்தபடி பெரிய காகிதத்தில் கட்டம் போட்டு, யாருக்கு எந்த நாள், எந்த வேலை என்று அழகான தமிழில் எழுதி ஸ்டோர் சுவரில் ஒட்டினான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்த பிச்சைமுத்து அதை உரக்கப் படித்தான்.

"'அமோனியா நீர்மத்தைத் தோட்டப் பகுதிக்கு எடுத்துச் செல்லல்.' ஏன் தம்பி, கலியாணப் பத்திரிகையா இது?"

"நீர்மம்னா என்னாங்க? காலு வீங்குமே, அந்த நோவா?" என்றாள் மீனம்மா.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் சற்குணத்தின் காது சிவந்தது. கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அதுதான் அவன் செய்த முதல் நல்ல காரியம் என்று அன்று நினைத்தான்.

"நீங்கள் எப்படிச் சொல்லுவீங்கள்?" என்று கேட்டான்.

"காட்டுக்கு மருந்து. அம்புட்டுத்தான்."

தோட்டத்து ஆட்களுக்கு ரப்பர் மரம் நிற்கிற இடமெல்லாம் காடு. வேலைக்குப் போவது என்றால் காட்டுக்குப் போவது. புட்டியில் வருகிற எதுவும் மருந்து. லாலான் புல்லுக்கு அடிப்பது மருந்து. பால் உறைய ஊற்றுவது மருந்து. உறையாமல் இருக்க ஊற்றுவதும் மருந்துதான். யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசும் வீட்டில் பிறந்து இங்கிலீஷில் படித்த சற்குணத்துக்கு அது புதுசாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

சுவர்க் காகிதத்தைக் கிழித்துப் போட்டான். அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் வார்த்தையிலேயே எழுதினான். ஒவ்வொருவரும் தன் வேலையைக் கையில் வைத்திருக்கட்டும் என்று வாராவாரம் தனித்தனித் துண்டும் எழுதிக் கொடுத்தான்.

"மேல ஒங்க பேரப் போடுங்க" என்றான் முனியாண்டி.

"பேர் வேணாம்டா. குழுத் தலைவர்னு போடட்டும். ஜோரா இருக்கும்லா" என்றான் பிச்சைமுத்து.

அப்படியே போட்டான். அன்றைக்குப் பிறகு வேலை ஓடியது. விடியற்காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு டின் அமோனியாத் தண்ணீரைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து பிச்சைமுத்து போவான். பத்து மணிக்கு உறையாத பால் ஸ்டோருக்கு வரும். கலவை வெண்ணெய் மாதிரி விழும். ஆறு வாரத்தில் கொட்டகையின் பாதித் தரை முடிந்திருந்தது. ஒரு கீறல் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை போலீஸ் எடுத்துப்போன துண்டில் இருந்தது இவ்வளவுதான்: "குழுத் தலைவர் உத்தரவு. பிச்சைமுத்து. காட்டுக்கு மருந்து. 12 டின். காலை ஆறு மணிக்குள். தாமதம் கூடாது."

*

வேலிக் கதவிலேயே மீனம்மா நின்றாள். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள்.

சற்குணம் துரையின் ஆபீசுக்கு ஓடினான். துரை கேட்டுக்கொண்டார். பைப்பைத் தட்டினார். "தரை போடத்தான் அனுமதி கொடுத்தேன். காகிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. போலீஸ் விஷயத்தில் தோட்டம் தலையிடாது. வேறு ஆள் தருகிறேன், வேலையை முடி."

ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணியும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மெதுவாக.

சற்குணம் அதிகம் பயப்படவில்லை. அவனுக்கு ஒரு வழி இருந்தது. மலாக்காவில் அவன் தங்கியிருந்தது அம்மாவின் அண்ணன் நவரட்ணம் வீட்டில். நவரட்ணம் போலீஸ் ஆபீசில் மொழிபெயர்ப்பாளர். தமிழில் எந்தக் காகிதம் பிடிபட்டாலும், எந்த ஆளை விசாரித்தாலும், அதை இங்கிலீஷில் ஆக்கிக் கொடுப்பது அவர்தான். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"கவலைப்படாதீங்க. நாளைக்கு வந்திருவார்" என்று மீனம்மாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

*

மலாக்கா டவுனில், தெங்கேராவில் மாமா வீடு. சாயங்காலம் ஐந்தரை மணி. நவரட்ணம் ஆபீஸ் உடுப்பைக் கூட மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாமி மனோரஞ்சிதம் வைத்த தேநீர் ஆடை படிந்து கிடந்தது. சற்குணம் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கேட்டார்.

"டேய், அது உன்ர எழுத்துத்தானே?"

சற்குணத்துக்கு மூச்சு வந்தது. "ஓம் மாமா. உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா? நல்லதாப் போச்சு. அது அமோனியா மாமா. தோட்டத்தில எல்லாத்துக்கும் மருந்தெண்டுதான் சொல்லுவினம். காடெண்டா ரப்பர் நிக்கிற இடம். நீங்கள் இன்ஸ்பெக்டரிட்டச் சொன்னால்..."

"நான் எழுதிக் குடுத்திட்டன்."

"என்னெண்டு?"

"மெடிசின் டு த ஜங்கிள்."

"ஐயோ மாமா, அது அந்த மருந்தில்லை!"

"மருந்தெண்டா மருந்துதானே? காடெண்டா காடுதானே? எனக்கென்ன தெரியும் கூலியள் என்ன பாஷை கதைக்குதெண்டு!" நவரட்ணத்தின் குரல் உயர்ந்தது. "உன்ர எழுத்தைக் கண்டவுடன எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. ஆர் எழுதினதெண்டு கேக்க முந்திக் கெதியாய் எழுதி நீட்டிட்டன். பிறகு அவனைக் கொண்டுவந்து நிப்பாட்டினாங்கள். காட்டுக்கு மருந்து கொண்டு போனியா எண்டு கேட்டன். ஓமெண்டான். எத்தினை நாளெண்டு கேட்டன். தினமும் எண்டான். நெஞ்சை நிமித்திச் சொல்லுறானடா, பரிசு குடுக்கப் போறம் எண்ட மாதிரி!"

"ஆருக்கெண்டு கேக்கேல்லையா?"

"கேட்டன். மரத்துக்கு எண்டான். பகிடி விடுறான் எண்டு நினைச்சன். தலைவர் ஆரெண்டு இன்ஸ்பெக்டர் கேக்கச் சொன்னார். அதோட வாயை மூடினவன்தான். அதுக்குப் பிறகு ஒரு சொல்லில்லை."

பிச்சைமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்திருக்கும், இது ஏதோ விபரீதம் என்று. புரிந்ததும் அவன் செய்த முதல் காரியம் தலைவனைக் காப்பாற்றியது.

"நாளைக்குப் போய்ப் பிழையெண்டு சொல்லுங்கோ மாமா. சொல்லுக்கு வேற கருத்தும் இருக்கெண்டு சொன்னால் போதும்."

"விசர்க் கதை கதையாத. நீதான் தலைவர் எண்டு தெரிஞ்சால் உன்னையும் உள்ள போடுவாங்கள். உன்ர அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"என்னை விடுங்கோ. அந்த மனுசன்..."

"அதில்லையடா!" என்று கத்தினார் நவரட்ணம். பிறகு சட்டென்று குரல் இறங்கியது. "இது பிழையெண்டால், முந்தி எழுதினதெல்லாம் என்னெண்டு கேப்பான். நாலு வருசமா எழுதுறன். போன வருசம் மெர்லிமாவில ஒருத்தன். 'சாமான் காட்டுக்குப் போச்சு' எண்டு ஆருக்கோ எழுதியிருந்தான். சாமானெண்டா துவக்கு தோட்டா எண்டு நினைச்சு அப்பிடியே..." நிறுத்தினார். மருமகன் முகத்தைப் பார்த்தார். "தோட்டத்தில சாமானெண்டா என்ன?"

சற்குணத்துக்குத் தெரியும். கத்தி, வாளி, உளி. வேலைச் சாமான். ஆறு வாரமாக நாள்தோறும் கேட்ட வார்த்தை.

"சொல்லாத" என்றார் நவரட்ணம். "எனக்குச் சொல்லாத. அவனை நாடு கடத்திக் கப்பலேத்தி ஏழு மாசமாச்சு."

மாமி உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள்.

*

இதற்குப் பிறகு சற்குணம் செய்ததை எப்படி எழுதினாலும் அழகாக வராது. புதன்கிழமை காலை அவன் போலீஸ் ஆபீசுக்குப் போகவில்லை. தோட்டத்துக்குப் போய்த் தரை போட்டான்.

துரை அனுப்பிய புது ஆள் டின்களைச் சுமந்தான். முனியாண்டி கலவை போட்டான். மீனம்மா மணல் சுமந்தாள். பெரட்டுக்கு வராவிட்டால் வேலை போகும். வேலை போனால் வேலிக்குள் வீடு இல்லை. அவள் ஒரு தரம் கேட்டாள்: "நாளைக்கு வந்திருவாருன்னீங்களே தம்பி?"

"பேசிக்கொண்டிருக்கிறம்" என்றான். யாரோடு என்று அவள் கேட்கவில்லை. தன் கரண்டியால் தரையைத் தேய்த்தான். தேய்த்த இடத்தையே தேய்த்தான். மாமா மனசு மாறுவார், நாளைக்கு மாறுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காட்டிக்கொடுக்காத ஒருவனின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வேலிக் கதவில் காவலிருக்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சேகரன் ஸ்டோருக்கு வந்தான். தோட்டத்து ஆள்தான், தோளில் ரைபிள் மாட்டியதிலிருந்து நடை மாறியிருந்தது. அன்றைக்கு அந்த நடை இல்லை.

"அக்கா, காலையில டவுனுக்கு எஸ்கார்ட் போனேன். அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டாராம். காட்டுக்கு மருந்து கொண்டு போனேன்னு."

"கொண்டுதானே போனாரு?" என்றாள் மீனம்மா. அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

"அதில்லக்கா..." சேகரன் தலையைச் சொறிந்தான். "தலைவன் யாருன்னு ரெண்டு நாளா நிக்க வச்சே கேக்குறாங்களாம். ஒக்கார விடலியாம். தூங்க விடலியாம். மனுசன் வாயே தொறக்கலியாம்லா."

முனியாண்டி மண்வெட்டியைக் கீழே போட்டான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஸ்டோரில் தலைவர் என்று ஒரே ஒருவன்தான் இருந்தான். அது அவனுக்கும் முனியாண்டிக்கும் மீனம்மாவுக்கும் தெரியும். சேகரனுக்குத் தெரியாது.

மீனம்மா சற்குணத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு டின் அமோனியாவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போலீஸ் ஆபீஸ் படி ஏறினான். மாமாவிடம் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வெயிலில் கழுத்து வெந்து சிவந்திருந்தது. சற்குணத்தின் இங்கிலீஷ் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"அந்தக் காகிதத்தை எழுதியவன் நான். தலைவர் என்று அதில் இருப்பதும் நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னான். தரை, கல்லூரி, மார்க், கட்டம் போட்ட காகிதம், முனியாண்டியின் உப்புமா வரைக்கும். கடைசியில் டின்னை மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தான்.

இன்ஸ்பெக்டர் குனிந்து முகர்ந்தார். நாற்காலியோடு பின்னால் போனார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஜன்னலைத் திறந்து, வெளியே தலையை நீட்டி இருமினார். திரும்பியபோது முகத்தில் கிட்டத்தட்ட ஒரு சிரிப்பு இருந்தது.

"கடவுளே. இதையா?"

"இதைத்தான் சார். இதைத்தான் அவர்கள் மருந்து என்கிறார்கள்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். சற்குணத்தின் நெஞ்சில் அந்த வாரத்தில் முதல் தடவையாக ஏதோ தளர்ந்தது. அவர் எழுதவில்லை. மணியைத் தட்டினார்.

"எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். மொழிபெயர்ப்பாளரை வரச் சொல்."

நவரட்ணம் வந்தார். வாசலில் மருமகனைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை.

"மிஸ்டர் நவரட்ணம், தமிழில் இதற்கு மருந்து என்று சொல்வார்களா?"

அறை முழுக்க நெடி. நவரட்ணத்தின் கண்களிலும் நீர் கட்டியது. அது அமோனியாவுக்கா என்று சற்குணத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"இல்லை சார். மருந்து என்றால் மெடிசின். இது அமோனியா. தமிழில் இதற்குச் சொல்லே கிடையாது."

"காடு?"

"ஜங்கிள், சார். எந்த அகராதியிலும் பார்க்கலாம்."

"மாமா!" சற்குணம் தன்னை மறந்து தமிழில் கத்தினான். "சத்தியமாச் சொல்லுங்கோ மாமா!"

இன்ஸ்பெக்டரின் தலை நிமிர்ந்தது. நாலு வருஷமாக மலாயாவில் இருப்பவர். அந்த ஒரு தமிழ் வார்த்தை அவருக்குத் தெரியும்.

"மாமாவா? உங்களுக்கு இவன் சொந்தமா?"

நவரட்ணம் கைக்குட்டையை எடுத்தார். கண்ணைத் துடைத்தார். மெதுவாக மடித்துப் பையில் வைத்தார். அதற்குள் அவர் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என் தங்கையின் மகன் சார். இளகின மனசு. அந்தக் கூலியோடு ஆறு வாரம் வேலை செய்தான். பெண்சாதி வந்து அழுதிருப்பாள். எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். சின்னப் பையன். மன்னித்துவிடுங்கள்."

"பொய்!" என்றான் சற்குணம். "எனக்கு ஒரு காகிதம் கொடுங்கள். இங்கேயே எழுதிக் காட்டுகிறேன். எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்."

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த வெற்றுக் காகிதத்தைப் பார்த்தார். சற்குணத்தைப் பார்த்தார். நவரட்ணத்தை நீண்ட நேரம் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. கேட்டால் என்ன வரும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் இரும்பு அலமாரியில் நாலு வருஷத்துக் கோப்புகள் அடுக்கியிருந்தன.

"வேண்டாம்" என்றார். "இந்த அலமாரியில் இருக்கும் தமிழ்க் காகிதம் ஒவ்வொன்றும் உன் மாமாவின் வார்த்தையில்தான் நிற்கிறது. அந்த ஆள் ஒத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டான்." டின்னின் மூடியை எடுத்து அழுத்தி மூடினார். குரல் கனிந்தது. "எனக்கும் ஊரில் உன் வயதில் ஒரு தம்பி இருக்கிறான். நீ இங்கே வரவில்லை. நான் எதையும் கேட்கவில்லை. கல்லூரிக்குத் திரும்பிப் போ."

திட்டியிருந்தால் எதிர்த்திருக்கலாம். உள்ளே போட்டிருந்தால் பிச்சைமுத்துவின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். இரக்கத்தோடு வெளியே அனுப்பினார்கள்.

படியில் நவரட்ணம் பின்னால் வந்தார். "உன்னைக் காப்பாத்தினன்" என்றார். அவரே நம்பாத குரலில்.

*

தரை பத்தாவது வாரத்தில் முடிந்தது. ஒரு கீறல் விழவில்லை. கல்லூரியில் அவன் அறிக்கைக்குத்தான் அந்த ஆண்டு அதிக மார்க். ஆட்களின் பேச்சையும் பழக்கத்தையும் அறிந்து அவர்களை நடத்திய விதம் மற்ற மாணவர்களுக்கு முன்மாதிரி என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார். சற்குணம் அதைப் படித்துவிட்டு அந்த ஓரத்தைக் கிழித்துப் போட்டான்.

பிச்சைமுத்துவை விடச் சொல்லி மேல்முறையீட்டுக் கமிட்டிக்கு மூன்று மனு அனுப்பினான். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, விஷயம் முடிந்தது என்று ஒரு வரி வந்தது.

நவம்பரில் உத்தரவு வந்தது. பிச்சைமுத்துவை நாடு கடத்துகிறார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல். விரும்பினால் மனைவி மக்களும் கூடப் போகலாம். சற்குணம் டன்மோருக்குப் போனபோது மீனம்மா லயத்து வரிசை வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளும் சாக்குமேல் ஏறி விளையாடின. முனியாண்டி கயிறு பிடித்துக்கொண்டிருந்தான். சற்குணத்தைக் கண்டு கயிற்றை விடவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை.

"இன்னொரு மனு எழுதலாம்" என்றான் சற்குணம். "ஹை கமிஷனருக்கே எழுதலாம். நான் எல்லாத்தையும் விவரமா..."

"வேணாம் தம்பி" என்றாள் மீனம்மா. கோபமே இல்லை குரலில். "நீங்க ஒண்ணும் எழுத வேணாம்."

முனியாண்டி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். வேலைக் காகிதம் இல்லாமலே யாருக்கு எந்த வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சற்குணம் வாசலில் நின்றான். சாக்கின் ஒரு நுனியைப் பிடிக்கலாம் என்று குனிந்தான். முனியாண்டி அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"அவரு ஊரு திருச்சிப் பக்கம்ங்கறாரு" என்றாள் மீனம்மா, சின்னவளின் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "ஆறு வயசுல கப்பலேறுனவரு. ஊரு பேரே சரியா ஞாபகமில்ல. நான் மெர்லிமாவுல பொறந்தவ. மலாக்காவத் தாண்டிப் போனதில்ல." துடைத்த கையைச் சேலையில் தேய்த்துக்கொண்டாள். "கப்பல் நாகப்பட்டணத்துலயும் நிக்குமாம், மெட்ராஸுலயும் நிக்குமாம். நீங்க படிச்சவங்க. நாங்க எங்க தம்பி எறங்கணும்?"

சற்குணத்துக்குத் தெரியவில்லை.

வேலிக் கதவில் லாரி ஹாரன் அடித்தது. முனியாண்டி முதல் சாக்கைத் தோளில் தூக்கினான். மீனம்மா பிள்ளைகளை இறக்கிவிட்டு, அவன் பதிலுக்காக இன்னும் நின்றாள்.